அழுக்குக் காலுக்கு ஒரு சோப்பு

கார்வர்ஸ் க்ரோவ், அயோவா
ஏப்ரல் 3, 1912

அன்புள்ள ராக்னா,

திங்கட்கிழமை வருவாய் என்று பார்த்தேன். நேற்று வருவாய் என்று பார்த்தேன். இன்றைக்குப் புதன். நீ தங்கிப் படிக்கும் திருமதி கோல் வீட்டில் போய்க் கேட்டால், "அந்தப் பொண்ணு பெட்டியோட அவங்கப்பா வண்டியில ஏறிப் பண்ணைக்கே போயிடுச்சே, உனக்குத் தெரியாதா?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? நான் வெறும் வகுப்புத் தலைவிதானே.

எல்லாம் அந்தச் சோப்புக்காகத்தான் என்று பேசிக்கொள்கிறார்கள். நிஜமாகவா, ராக்னா? அது விளையாட்டு. ஒவ்வொரு வருஷமும் கடைசி வகுப்புக்காரர்கள் வசூல் விருந்து வைக்கிறோம், ஒவ்வொரு வருஷமும் அதே மூன்று போட்டிதான். அழகான பெண்ணுக்குக் கேக். காதலில் கிறுக்குப் பிடித்த ஜோடிக்கு ஊறுகாய் ஜாடி. ஊரிலேயே அழுக்குக் கால் ஆம்பளைக்குச் சோப்பு. ஒரு சென்ட் போட்டால் ஒரு ஓட்டு. இரண்டு வருஷமாகச் சோப்பு என் அப்பாவுக்குத்தான் கிடைத்தது. அதற்காக அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாரா? இரண்டு சோப்பையும் கடைக் கண்ணாடிக்குள் வைத்து, "ஊரே ஓட்டுப் போட்டுக் குடுத்ததுய்யா" என்று சொல்லிச் சொல்லிக் கலப்பை விற்கிறார்.

உன் அப்பா பெயரைச் சொன்னது நம் வகுப்பு க்ளைட். நான் இல்லை. அவர் பால் கறந்துவிட்டு நேராக வந்து, வாசலில் பூட்ஸ் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே நின்றார் அல்லவா, அதைப் பார்த்துச் சொல்லிவிட்டான். என் கையில் சாக்பீஸ் இருந்தது. சொன்ன பெயரைப் பலகையில் எழுதினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அவர் போட்ட காசு கொஞ்சம் அதிகம் என்று எல்லோருக்குமே தோன்றியது. வகுப்பில் கூடிப் பேசி, அதை அப்படியே திருப்பித் தருவதென்று முடிவு செய்தோம். இதனுடன் வைத்திருக்கிறேன். இதோடு விஷயம் முடிந்தது. திங்கட்கிழமை வந்து சேர். பள்ளி நிறைவு விழாவில் முதல் மாணவியின் பேச்சு உன்னுடையது. மே 13-க்குள் நீ வராவிட்டால் உனக்குச் சான்றிதழ் கிடையாது என்று ஹெட்மாஸ்டர் ப்ரூயிட் சார் சொல்லிவிட்டார். சான்றிதழ் இல்லாமல் உங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் செப்டம்பரில் உன்னை டீச்சராக யார் வைத்துக்கொள்வார்கள்? யோசித்துப் பார்.

உன் தோழி,
வெர்னா


வில்லோ ஸ்லூ பண்ணை
ஏப்ரல் 8, 1912

மதிப்பிற்குரிய வகுப்புத் தலைவி செல்வி ஸ்டிக்னி அவர்களுக்கு,

பணத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணுவதில் நீங்கள் கெட்டிக்காரர்.

அன்றைக்கு நான் சமையலறையில் இருந்தேன். காபியை விட்டு நகராதே என்று என்னை அங்கே நிறுத்தியது நீங்கள். கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. விருந்து களைகட்டிவிட்டது என்று நானும் சந்தோஷப்பட்டேன். கூஜாவைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே வந்தபோது, என் அப்பா ரிப்பன் கட்டிய சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றி, எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். க்ளைட் பெஞ்சின் மேல் ஏறி நின்று கை தட்டினான்.

பண்ணைக்குத் திரும்பும் பதினோரு மைலும் அப்பா பேசிக்கொண்டே வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்கள் வகுப்பைக் கூட்டி வாசித்துக் காட்டுங்கள்.

"கண்ணு, உள்ள வந்தா பலகையில நம்ம பேரு. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாட்டியும் நம்ம பேரு தெரியாதா? பக்கத்துல ஸ்டிக்னின்னு இன்னொரு பேரு. அது கலப்பைக் கடைக்காரர் பொண்ணு, உன் சிநேகிதி. போன வருஷம் நம்ம பால் பண்ணை பிக்னிக்ல வச்சாங்களே பொண்ணுங்களுக்கு ஓட்டு, அதேதான். இங்க கேக்குக்குப் பதிலா சோப்பு குடுக்கறாங்க, டவுன்காரங்க வழக்கம் போல. முதல்ல அந்தப் பொண்ணுதான் முன்னாடி போய்க்கிட்டிருந்துச்சு. நான் விடுவேனா? காசு போட்டேன். கை தட்டுனாங்க. மறுபடி போட்டேன். மறுபடி தட்டுனாங்க. உன்மேல டவுன்ல எவ்வளவு பிரியமா இருக்காங்க, நீ ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கியா?"

அவர் போட்டது க்ரீம் விற்ற காசு. மறுநாள் எனக்கு விழாவுக்கு வெள்ளைத் துணி எடுக்கக் கொண்டுவந்தது. துணிக்கு என்ன செய்வோம் என்று கேட்டேன். "துணி அடுத்த மாசமும் கிடைக்கும், ஓட்டு இன்னைக்கு மட்டும்தானே" என்றார்.

சோப்பு எங்கள் வீட்டில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சர்ச்சுக்குப் பிறகு யார் வந்தாலும் அப்பா எடுத்துக் காட்டுகிறார். முகர்ந்து பார்க்கச் சொல்கிறார். ஆகவே உங்கள் பணத்தை நான் எந்த முகத்தோடு அவர் கையில் கொடுப்பது? எதற்குத் திருப்பித் தருகிறார்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? நீங்களே ஒரு பதில் எழுதி அனுப்புங்கள்.

நான் வரப்போவதில்லை.

ராக்னா பிரான்வோல்ட்


கார்வர்ஸ் க்ரோவ்
ஏப்ரல் 12, 1912

ராக்னா,

நீங்களாம், அவர்களாம், மதிப்பிற்குரியவராம். மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஆப்பிளைக் கடித்துத் தின்றவளுக்கு எழுதும் கடிதமா இது?

சரி, நீ ஆரம்பித்ததால் சொல்கிறேன். உன்னைச் சமையலறையில் நிறுத்தியது சதி போல எழுதியிருக்கிறாய். உன்னைப்போல் எங்களில் யாருக்கும் காபி போட வராது, அதனால் நிறுத்தினேன். உன் அப்பா தப்பாகப் புரிந்துகொண்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு நார்வே பாஷை தெரியுமா? முகமெல்லாம் சிரிப்பாக ஒருவர் வந்து காசு போட்டால், விளையாட்டு தெரிந்த மனிதர், தானும் சேர்ந்து விளையாடுகிறார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். மூன்றாம் தடவை வந்தபோது பலகையைத் தொட்டுக் காட்டி "ராக்னா, ராக்னா" என்றார்தான். அந்தச் சத்தத்தில் யார் என்ன சொல்கிறார்கள் என்று நின்று கேட்க முடியுமா? எல்லோரும் கத்துகிறார்கள், க்ளைட் மேஜையைத் தட்டுகிறான், நான் ஒருத்தி எழுதுகிறேன்.

தப்பு என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு உன் படிப்பை நீயே எதற்குக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்? யாருக்கு நஷ்டம்? நீ வராவிட்டால் விழாப் பேச்சு க்ளைடுக்குப் போகும். அவனுக்கு மார்க் உன்னைவிட எவ்வளவு குறைவு என்று உனக்கே தெரியும். அவன் ஏற்கெனவே 'வகுப்பு ஜோசியம்' எழுதிக்கொண்டு திரிகிறான், பத்து வருஷம் கழித்து நாம் ஒவ்வொருவரும் என்ன ஆவோம் என்று மேடையில் வாசித்துக் கேலி செய்யும் அந்தப் பகுதி. உனக்குச் சோப்புத் தொழிற்சாலை என்று எழுதியிருக்கிறான். நான் எழுதச் சொல்லவில்லை. தெரிந்துகொள் என்று சொல்கிறேன்.

விருந்து வசூலில் நம் வகுப்பு பள்ளிக்கூடத்துக்கு வாங்கிக் கொடுக்கும் சிலை வந்துவிட்டது. சிறகு முளைத்த பெண், தலை இல்லை, கையும் இல்லை. பெட்டியைத் திறந்ததும் ரயிலில் உடைந்துபோனது என்று ப்ரூயிட் சாரின் மனைவி பதறிப்போனார். அது அப்படித்தான் இருக்க வேண்டுமாம்.

வெர்னா


வில்லோ ஸ்லூ
ஏப்ரல் 17, 1912

வெர்னா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அப்பா மூன்றாம் தடவை வந்தபோது பலகையைத் தொட்டு "ராக்னா, ராக்னா" என்றார் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

அப்படியானால் உனக்குத் தெரியும்.

க்ளைடுக்குத் தெரியாது, அவன் மேஜை தட்டிக்கொண்டிருந்தான். பெஞ்சில் இருந்தவர்களுக்குத் தெரியாது. பலகைக்குப் பக்கத்தில் நின்ற உனக்குத் தெரியும். நார்வே பாஷை எதற்குடி? என் பெயர் என்ன பாஷை? அவர் முகத்துக்கு நேரே நின்று, அவர் என் பெயரைச் சொல்லக் கேட்டு, அதற்கப்புறமும் அவர் பெயருக்கு நேரே ஓட்டுக் கோடு போட்டிருக்கிறாய். நாலாம் தடவையும் காசை வாங்கியிருக்கிறாய்.

வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன் கேள். ஓட்ஸ் விதைக்கும் நேரம் இது. என்னை ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அப்பா கேட்கிறார். விதைப்புக்கு ஆள் வேண்டாமா என்கிறேன். "விதைப்புக்கு நான் இருக்கேன், நீ போய்ப் படி" என்கிறார். நான் தலைவலி என்கிறேன். அம்மா என்னை ஒருமாதிரி பார்க்கிறாள். நான் திரும்பி வந்தால் விழாவுக்கு அவர்கள் இருவரும் வருவார்கள், சந்தேகமே இல்லை. க்ளைட் மேடையில் சோப்பு என்பான், கூட்டம் சிரிக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எவனாவது ஒருவன் அப்பாவுக்கு விளக்கிச் சொல்வான். அந்த ஊர்க்காரர்கள் நடுவில் அவருக்கு அது தெரியவேண்டுமா? அதற்குப் பதிலாக எனக்குச் சான்றிதழே வேண்டாம். மாடு கறந்துகொண்டு கிடப்பேன்.

உனக்கு நிஜமாகவே ரோஷம் இருந்தால் ஒரு காரியம் செய். இங்கே வா. அவர் எதிரில் உட்கார். நீ செய்ததை உன் வாயால் அவரிடம் சொல். மெதுவாகச் சொன்னால் அவருக்கு அவ்வளவு இங்கிலீஷ் புரியும். நான் மொழிபெயர்க்க மாட்டேன்.

உங்கள் தலையில்லாத சிலை என் அப்பா காலில் நிற்கிறது. சிரிக்க அதற்கு வாயாவது இல்லாமல் போனதே, அதுவரைக்கும் நல்லது.

ராக்னா


வில்லோ ஸ்லூ
ஏப்ரல் 29, 1912

வெர்னா,

நேற்று வந்தாய். வாடகை வண்டி பிடித்து, சேற்றில் சக்கரம் புதைந்து, பாவாடையெல்லாம் சேறாக வந்து இறங்கினாய். அந்த நிமிஷம் உன்மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி போய்விட்டது, சொல்கிறேன்.

அப்புறம் என்ன செய்தாய்? எங்கள் மேஜையில் உட்கார்ந்தாய். அம்மா செய்த உருளைக்கிழங்கு ரொட்டியை வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மூன்று தின்றாய். காபி குடித்தாய். அப்பா கடிகாரத்துக்குப் பக்கத்திலிருந்து சோப்பை எடுத்துவந்து உன் கையில் கொடுத்தார். நீ முகர்ந்து பார்த்து "நல்ல வாசனை" என்றாய். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

இதற்குத்தான் அவ்வளவு தூரம் வந்தாயா? வாசனை பார்க்கவா?

அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாகப் பேசினாரே, என்னவென்று நீ என்னைப் பார்த்தாய். இன்னும் காபி வேணுமா என்று கேட்கிறார் என்றேன். பொய். அவர் சொன்னது இது. "நீதான் தோத்த பொண்ணா? தோத்த பொண்ணு ஜெயிச்ச பொண்ணை வாழ்த்த இவ்வளவு தூரம் சேத்துல வந்திருக்கே. எங்க ஊர்ல யாருக்கும் இந்த மனசு வராதும்மா. உங்கப்பா உன்னை நல்லா வளத்திருக்கார்." நீ போனபிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பாவம் அந்தப் பொண்ணு, நான் அவ்வளவு காசு போட்டிருக்க வேண்டாம் என்று ராத்திரிச் சாப்பாட்டில்கூட வருத்தப்பட்டார்.

எனக்கு அங்கேயே உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. இனி நீ எழுதவும் வேண்டாம், வரவும் வேண்டாம்.

ராக்னா


கார்வர்ஸ் க்ரோவ்
மே 2, 1912

ராக்னா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கிழித்துப்போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

நான் சொல்லவே வந்தேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். உன் அம்மா ரொட்டியைச் சுருட்டிச் சுருட்டி என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார். வாய் நிறைய அதை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? உன்னைப் பார்த்தேன். நீ மேஜைத்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மொழிபெயர்க்க மாட்டேன் என்று எழுதினவள் மொழிபெயர்த்தாய், அதுவும் பொய்யாக. அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். என்னை மட்டும் கோழை என்காதே.

ஏன் கோடு போட்டேன் என்று நீ கேட்கவே இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பலகையில் இன்னொரு பெயர் என் அப்பாவுடையது. அவர்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தார், மூன்றாவது வருஷமாக. அவர் சிரிப்பார், கடையில் வைத்துக் காட்டுவார். போன வருஷம் வீட்டுக்கு வந்து அவர் கதவைச் சாத்திக்கொண்டு காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினதை நான் கதவிடுக்கில் பார்த்தேன். என் வகுப்பு வசூல், என் கையால் எழுதி, மறுபடியும் அவருக்கா? அந்த நேரத்தில் உன் அப்பா காசோடு வந்தார். "ராக்னா" என்றார். எனக்குக் கேட்டது. புரிந்தது. என் அப்பா தப்பித்தார் என்றுதான் முதலில் தோன்றியது. கோடு போட்டேன்.

போதுமா? இதைத்தானே என் வாயிலிருந்து வாங்க வேண்டும் என்று இருந்தாய்? வாங்கிக்கொள்.

வெர்னா


கார்வர்ஸ் க்ரோவ்
மே 5, 1912, ஞாயிறு

ராக்னா,

உன் அப்பா இந்நேரம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். அதனால் உடனே எழுதுகிறேன்.

நேற்று நான் கடையில் கல்லாவில் இருந்தேன். மூன்று பண்ணைக்காரர்கள் விதைக்கும் இயந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். உன் அப்பா உள்ளே வந்தார். வாசலில் நின்று பூட்ஸைச் சுரண்டிவிட்டுத்தான் வந்தார். கையில் நீலத் தட்டு, மேலே வெள்ளைத் துணி. என் அப்பாவுக்கு முன்னால் வைத்துத் துணியை எடுத்தார். கேக். உன் அம்மா சுட்டது. ஏலக்காய் வாசனை கடை முழுக்க வந்தது.

"உங்க பொண்ணு தோத்துச்சு" என்றார் இங்கிலீஷில், ஒவ்வொரு வார்த்தையாக. "என் பொண்ணு ஜெயிச்சுது. நான் நிறையக் காசு போட்டேன். தப்பு. இது உங்க பொண்ணுக்கு."

"தோத்துச்சா? எதுலய்யா தோத்துச்சு?" என்றார் அப்பா. ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு அவருக்குப் புரிந்துவிட்டது. ராக்னா, அவர் சிரித்தார். கல்லா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அடக் கடவுளே, இந்த ஆளு பொண்ணுக்குன்னு நினைச்சுல்ல காசைக் கொட்டியிருக்கான். கேட்டீங்களாய்யா?" என்று அந்த மூன்று பேரிடமும் சொன்னார். உன் அப்பாவின் பூட்ஸை விரலால் காட்டினார், மூக்கைப் பிடித்துக்கொண்டார், சோப்புப் போட்டுத் தேய்ப்பதுபோல் செய்து காட்டினார். "கேக்குதான்யா பொண்ணுக்கு. சோப்பு இதுக்கு, இதுக்கு." அவர்களும் சிரித்தார்கள்.

உன் அப்பா குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ராக்னா?" என்று கேட்டார், அன்றைக்குக் கேட்ட மாதிரியே. இல்லை என்று நான் தலையாட்டினேன். அவர் கேக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன். என் பக்கமாகத் தள்ளி வைத்தார். "கேக் நல்ல கேக்" என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கடைக் கண்ணாடிக்குள் இருந்த இரண்டு சோப்பையும் எடுத்துத் தெருவில் எறிந்தேன். "உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்ப்பா, தெரிஞ்சும் அந்த மனுஷனைப் பார்த்துச் சிரிக்கிறீங்களே" என்று அந்த மூன்று பேர் முன்னாலேயே கேட்டேன். அதிலிருந்து அப்பாவும் நானும் பேசிக்கொள்வதில்லை. க்ளைட் வீட்டுக்குப் போய் ஜோசியத் தாளை வாங்கி அவன் கண் முன்னாலேயே அடுப்பில் போட்டேன். ஏதோ முனகினான். இன்னொரு தடவை முனகு பார்க்கலாம் என்றேன்.

கேக் அப்படியே இருக்கிறது. என்னால் வெட்ட முடியவில்லை.

வெர்னா


வில்லோ ஸ்லூ
மே 9, 1912

வெர்னா,

அப்பா சனிக்கிழமை வந்து, குதிரைகளை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவிட்டு, உள்ளே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"எப்போலேர்ந்து?"

"அன்னைக்கே."

என்னை அவர் ஒருநாளும் திட்டியதில்லை. அன்று திட்டினார்.

"அவங்க சிரிச்சாங்க, சரி, அவங்க வெளியாளுங்க. அந்தக் கடைக்காரன் மூக்கைப் பிடிச்சான், அவன் புத்தி அவ்வளவுதான். நீ என் பக்கத்துல உக்காந்து அவ்வளவு தூரம் வந்தியேடி. நான் சந்தோஷமாப் பேசிக்கிட்டே வந்தேன். ஒரு வார்த்தை சொன்னியா? ஒரு மாசம் அந்தச் சோப்பை ஊர்ல எல்லாருக்கும் காட்டுனேன், நீ பாத்துக்கிட்டே இருந்தே. அவங்க என்னை ஒரு நாள் முட்டாளாக்குனாங்க. நீ ஒரு மாசம்."

உங்களுக்கு வெட்கமாக இருக்கும் என்றுதான் சொல்லவில்லை என்றேன். அதற்குத்தான் அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

"எனக்கென்ன வெக்கம்? சேத்துல நிக்கிறவன் கால்ல சேறு இருக்கும். அதைப் பாத்து நான் ஒருநாளும் வெக்கப்பட்டதில்ல. வெக்கப்பட்டது நீ."

வெர்னா, உனக்கு நான் எழுதிய அத்தனை கடிதத்தையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று நான் துடித்ததெல்லாம் அவருக்காகவா, எனக்காகவா? உனக்கு ரோஷம் இல்லை என்று திட்டியபோது யாரைத் திட்டினேன் என்று எனக்கே விளங்கவில்லை.

சோப்பை அம்மா ரிப்பனை அவிழ்த்துத் தண்ணீர்த் தொட்டியருகே வைத்துவிட்டாள். வீட்டுச் சோப்பு தீர்ந்துபோயிருந்தது. எல்லோரும் அதில்தான் கை கழுவுகிறோம். வாசனை நீ சொன்னதுபோல நன்றாகத்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை வண்டி கட்டுகிறேன், பெட்டியை எடுத்து வை என்று அப்பா சொல்லிவிட்டார். வருகிறேன். வெள்ளைத் துணி எடுக்கப்போவதில்லை. பழைய பழுப்புப் பாவாடையில் நின்று பேசுவேன், ப்ரூயிட் சாரிடம் சொல்லிவை. முன்வரிசையில் இரண்டு நாற்காலி போடச் சொல். அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். இந்தத் தடவை வாசலில் நின்று சுரண்டிக்கொண்டிருக்க மாட்டேன் என்று அப்பா சொல்கிறார். வயலில் எப்படி இருக்கிறாரோ அப்படியே உள்ளே வருவாராம். தரையைத் துடைக்க யாருக்காவது கஷ்டமாக இருந்தால் உங்கள் சிலையின் சிறகால் துடைத்துக்கொள்ளட்டும்.

கேக்கை வெட்டு. வீணாக்காதே, அதில் அம்மாவின் வெண்ணெய் இருக்கிறது. நீலத் தட்டை அம்மா கேட்கிறாள், அது அவள் கல்யாணத் தட்டு. என்னிடம் கொடுத்து அனுப்பாதே. விழா அன்று, கூட்டமெல்லாம் உட்கார்ந்த பிறகு, நீயே எடுத்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்து அப்பா கையில் கொடு. அன்றைக்கு எங்கள் மேஜையில் ரொட்டியோடு விழுங்கினாயே, அதை அங்கே சொல். உன் அப்பாவுக்கும் கேட்கும்படி சொல்.

நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். மொழிபெயர்க்க மாட்டேன்.

ராக்னா